கழுகின் வயிற்றில் ஒரு கோடு

வயிற்றின் குறுக்கே ஈட்டி பாய்ந்த பிறகும் அந்தக் கழுகு இறக்கையை மடக்காமல் பறந்துகொண்டுதான் இருக்கிறது, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிய கோடு வெயிலில் மினுங்குகிறது, சுற்றிலும் பதினேழு நட்சத்திரங்கள், எண்ணிப் பார்த்தவன் நான், ஒன்றாவது உதவிக்கு வந்ததா என்றால் இல்லை, கழுகுக்குக் கீழே சந்தனம், சந்தனத்துக்குக் கீழே என் மனைவி சண்முகவடிவின் நெற்றி, நான் கத்துகிறேன், காசு, காசு, அந்தக் காசை எடுங்கடா, மயானத்தின் வாசலில் ஆயிரம் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், சரி, அறுபது பேர், என் அளவையில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நிற்கும், அறுபது பேரும் ஒரே முகமாகத் திரும்பி, பொண்டாட்டி போய்க் கிடக்கா, இந்த மனுசன் காசு காசுங்கிறாரே என்று பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வைகளை ஒவ்வொன்றாகக் கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி, பதினோரு மாதமாக வைத்திருக்கிறேன், ஒன்றுகூடத் தொலையவில்லை.

செத்தவர்களைக் குளிப்பாட்டி, புதுச்சேலை சுற்றி, நெற்றியில் சந்தனத்தை அப்பி அதன்மேல் ஒரு காசை ஒட்டி அனுப்புவது எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வழக்கம், என்ன காசு என்று யாரும் எழுதிவைக்கவில்லை, நாலணா வைத்திருக்கிறார்கள், ஓட்டைக் காலணா வைத்திருக்கிறார்கள், அன்றைக்கும் ஒரு ரூவாக் காசு குடுங்கப்பா என்று கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள், கூடத்தில் நின்ற அத்தனை சட்டைப்பையிலும் காசு இருந்தது, ஆனால் என் மச்சினன் சங்கரலிங்கம், வடிவின் ஒரே தம்பி, மிளகாய் வற்றல் கமிஷன் கடைக்காரன், மேலெல்லாம் வற்றல் நெடி அடிப்பதால் அவன் அழுதால் அழுகிறானா கண் எரிகிறதா என்று யாருக்கும் விளங்காதவன், நேரே என் அறைக்குள் போனான், என் மேசையைத் திறந்தான், முந்நூறு காசு இருந்த மேசை, முந்நூறில் வேறு எதுவும் அவன் கண்ணில் படவில்லை, அட்டைச் சட்டத்துக்குள் கண்ணாடித் தாள் போட்டு நான்கு மூலையும் ஊசியடித்து நான் படுக்கவைத்திருந்த கழுகுக் காசைத் தூக்கி, ஊசியைப் பல்லால் பிடுங்கி, பல்லாலா கையாலா நான் பார்க்கவில்லை, கனவில் பல்லால்தான் பிடுங்குகிறான், அக்காவுக்குச் சாதாக் காசா வைக்கிறது, இந்தா தங்கம் கணக்கா ஒண்ணு இருக்கு என்று கொண்டுபோய் அழுத்தினான், நான் அப்போது வாசலில் நின்று பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், கம்பைக் கோணலாக நட்டிருக்கிறான் என்று, கோணலைக் கண்டால் எனக்கு ஆகாது, உள்ளே போய் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை, மயான வாசலில் இறக்கி வைத்து, கடைசியாப் பாத்துக்கோங்க என்றபோதுதான் குனிந்தேன், கழுகு என்னைப் பார்த்தது.

கோணலைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம், முப்பத்தொரு வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளர், படிக்கல்லைக் கவிழ்த்து அடியில் ஈயத்தில் குத்திய முத்திரையை லென்சில் பார்த்து இது சர்க்கார் முத்திரையா கள்ள முத்திரையா என்று சொல்லவேண்டும், நான் பஸ்ஸைவிட்டு இறங்கினால் கடைத்தெருவில் தராசுகள் தாமாக நிமிரும், புளி மூட்டைகள் பயத்தில் அரைக் கிலோ கூடும், சொந்த மச்சினன் கடையிலேயே கிலோவுக்கு நாற்பது கிராம் குறைந்த கல்லைப் பிடித்து வழக்குப் போட்டவன் நான், கல்யாணமான மூன்றாம் வருடம், வடிவு ஒரு மண்டலம் எனக்கு உப்பில்லாமல் சமைத்தாள், எந்தம்பி கடையில மட்டும் ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டா ஒங்க கண்ணு என்ன அவிஞ்சா போயிரும் என்றாள், நெற்றியில் மூன்று கோடு விழுந்தது, அவளுக்குக் கோபம் வாய்க்கு வருவதற்குமுன் நெற்றிக்கு வந்துவிடும், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுக்கோடு மட்டும் சின்ன வயதில் போட்ட அம்மையின் தழும்பில் தட்டி, ஒரு நெல் நீளம் விட்டு, மறுபடி தொடங்கும், எனக்கு லென்சு இல்லாமலே தெரியும், நாற்பத்திரண்டு வருடத்தில் நாற்பத்திரண்டாயிரம் தடவை பார்த்திருப்பேன், இதில் மட்டும் கூடுதல் எதுவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு லென்சுக்கு வேலை போய்விட்டது, மகன் கதிரேசன் நியூஜெர்சிக்குக் கூப்பிட்டான், ஆறு மாதம், பனி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் பனி, ஒருநாள் ரயில் நிலையத்தில் டிக்கெட் மிஷினுக்குள் இருபது டாலர் நோட்டைத் திணித்தால் மிச்சத்தை அது கலகலவென்று காசாகத் துப்புகிறது, வடிவு தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்ட மாதிரி ஓடிப்போய்க் கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை உருவி விரித்துப் பிடிக்கிறாள், பொன்னிறத்தில் பன்னிரண்டு டாலர் காசு, ஒரு பக்கம் பறக்கிற கழுகு, மறுபக்கம் முதுகில் கைப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிற ஒரு சின்னப் பெண் தோளுக்குமேல் திரும்பிப் பார்க்கிறாள், அந்த நாட்டு ஆதிக்குடிப் பெண்ணாம், வடிவு அவளை விரலால் தடவி, பாவங்க, பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடந்தாளோ, பின்னாடி யாரப் பாக்குறா தெரியுமா, வீட்டுக்காரன் வெறுங்கைய வீசிக்கிட்டு மெதுவா வர்றான், அவனத்தான் மொறைக்கிறா என்றாள், ரயில் வந்தது, போனது, அடுத்த ரயிலும் வந்து போகிறது, நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காசைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம், குளிர் தெரியவில்லை, இப்போது நினைத்தாலும் அந்தப் பெஞ்சு வெதுவெதுப்பாகவே இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது என்று கதிரேசன் சொல்வான், பித்தெல்லாம் இல்லை, லென்சுக்கு மறுபடி வேலை கிடைத்தது, ஒரே வருடம் ஒரே நாணயச் சாலையில் வந்த காசுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று நினைப்பவன் படிக்கல்லைக் கவிழ்த்துப் பார்க்காதவன், அச்சு என்பது உருக்கு, உருக்குக்கும் அடிபடும், கீறும், விரியும், யாரோ தெரியாமல் அதன்மேல் எதையோ இழுத்துவிட்டால் அந்தக் காயம் அந்த அச்சு அடிக்கிற ஒவ்வொரு காசிலும் போய் விழும், அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு, யாராவது பார்த்து அச்சை மாற்றும்வரை காயம் பட்ட காசுகள் ஊருக்குள் போய்க்கொண்டே இருக்கும், அப்படி ஒன்றைக் கோடிக் காசுகளுக்கு நடுவில் பிடிப்பதுதான் வேட்டை, வங்கியில் போய்ச் சுருள் சுருளாக டாலர் காசு கேட்டு வாங்குவோம், ஒரு சுருளுக்கு இருபத்தைந்து, வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பார்த்து, ஒன்றுமில்லாததை மறுபடி சுருட்டி மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேட்போம், அந்த வங்கிப் பெண்கள் நாங்கள் உள்ளே நுழைந்தால் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவார்கள், கதிரேசனுக்கு மானம் போயிற்று, அப்பா, அந்த மேனேஜர் என்னையக் கூப்பிட்டு, உங்க பேரன்ட்ஸ் வீட்டுல ஏதாச்சும் மிஷின் வச்சிருக்காங்களான்னு கேக்குறாருப்பா என்றான், ஆமா, ரெண்டு மிஷின், ஒண்ணு பாக்கும், ஒண்ணு பொறுக்கும்னு சொல்லு என்றாள் வடிவு, பொறுக்குவது அவள்.

நாற்பது வருடம் அரிசியில் கல் பொறுக்கிய கண், லென்சும் கிடையாது, கண்ணாடிகூடக் கிடையாது, தட்டில் காசைப் பரப்பி உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளுவாள், ஆகாதது தானே மேலே வந்து நிற்கும், அன்றைக்கு அப்படித் தள்ளிக்கொண்டிருந்தவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஏங்க, இந்தக் கழுகுக்கு வயித்துல குத்துப் பட்டிருக்குங்க என்றாள், நான் தலையைக்கூடத் தூக்கவில்லை, அது பையில உரசின கீறலா இருக்கும், திருப்பிக் குடுக்கிற சுருள்ல போடு என்றேன், கீறல்னா பள்ளமால்ல இருக்கும், இது மேடா இருக்குங்க, நகத்துல தட்டுது என்றாள், போடுன்னா போடு என்றேன், முப்பத்தொரு வருட அதிகாரம் என் குரலில் இருந்தது, அவள் போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள், ஊருக்குத் திரும்பி ஐந்து மாதம் கழித்து நான் இணையத்தில் குத்துப்பட்ட கழுகு என்று ஒரு படத்தைப் பார்த்து, இரண்டாயிரமாம் வருடத்துக் காசு, வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகிற மேட்டுக் கோடு, உலகமெல்லாம் அதைத் தேடி அலைகிறார்கள் என்று படித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஐயோ வடிவு, அன்னைக்கு நீ காட்டுன காசு என்று கூடத்துக்கு ஓடிவந்தால், அவள் அடுப்படியில் கடுகு டப்பாவைத் திறந்து, கடுகுக்குள் விரலை விட்டு, இந்தாங்க என்றாள், அவ்வளவுதான், கடுகு ஒன்று கழுகின் அலகில் ஒட்டியிருந்தது.

அந்தக் காசை மதுரையில் எங்கள் நாணயச் சேகரிப்பாளர்களின் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன், வடிவையும் கூட்டிக்கொண்டுபோனேன், பின்வரிசையில் உட்கார்ந்து பொட்டலத்தில் சேவு கொறித்துக்கொண்டிருந்தாள், நான் மேடையில் ஏறி, நாற்பதாயிரம் காசு பார்த்தேன் என்றேன், நியூஜெர்சியில் ஒரு வங்கியைக் காலி செய்தேன் என்றேன், பனியில் கண் உறைய உறைய லென்சை விடாமல் பிடித்திருந்தேன், கடைசியில் இந்தக் கழுகு என் கண்ணுக்குத் தப்ப முடியவில்லை என்றேன், கைதட்டினார்கள், வடிவும் தட்டினாள், சேவுத்தூள் பறந்தது, திரும்பி வருகிற பஸ்ஸில் திருமங்கலம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், வடிவு கண்டுபிடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்க மீசை கொட்டிப் போயிருக்குமா என்றாள், பஸ்ஸின் வெளிச்சத்தில் நெற்றியில் மூன்று கோடு, அடுத்த கூட்டத்துல சொல்லிர்றேன் என்றேன், அடுத்த கூட்டத்தில் சொல்லவில்லை, அதற்கடுத்த கூட்டத்தில் பனியோடு ஒரு கரடியையும் சேர்த்துக்கொண்டேன், ஜன்னலுக்கு வெளியே கரடி நின்றது என்றேன், இன்னும் நன்றாகக் கைதட்டினார்கள்.

இதற்கிடையில் அவளும் எனக்குச் செய்தாள், சும்மா சொல்லக்கூடாது, ஒரு தைப்பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று குத்துவிளக்கோடு என் டாலர் காசுகளில் பதினெட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று முறத்தில் காயவைத்திருந்தாள், பழைய காசைத் தேய்த்தால் அது செத்தது என்று அர்த்தம், மேல்தோல் போனால் காசில் எதையும் படிக்க முடியாது, எந்தச் சேகரிப்பாளனும் அதைக் கையால் தொடமாட்டான், நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் அன்றைக்குக் குரைக்கவில்லை, பயந்து படுத்துவிட்டது, அழுக்கு இருக்கட்டும்டி, எண்ணெய் இருக்கட்டும், பிசுக்கு இருக்கட்டும், எது ஒட்டியிருந்தாலும் தொடக்கூடாது, அதுதான் அந்தக் காசோட வாழ்க்கை என்று கத்தினேன், அவள் முறத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனாள், நல்லவேளை கழுகு அப்போது அட்டைக்குள் பத்திரமாக இருந்தது, மூன்று நாள் பேசவில்லை, யார் பேசவில்லை, நான்தான் பேசவில்லை, இப்போது அந்த மூன்று நாளைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் போய்ச் சட்டையைப் பிடிப்பது.

வயித்துல குத்துதுங்க என்று அவள் முதலில் சொன்னது எந்த மாதம், ஆடியா ஆவணியா, நான் அப்போது விளிம்பில் எழுத்து விழாமலே வெளியே வந்துவிட்ட ஒரு டாலர் காசைத் தேடிக்கொண்டிருந்தேன், விளிம்பு விளிம்பாக லென்சை உருட்டிக்கொண்டு, வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடி என்றேன், குடித்தாள், இன்னொரு நாள் சொன்னாள், குத்தா எரிச்சலா, சரியாச் சொல்லு என்றேன், எடை கேட்கிற மாதிரி, ஈட்டிய இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்குற மாதிரி இருக்கு என்றாள், கையால் காட்டவும் செய்தாள், அந்தக் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அப்படியே காட்டினாள், நான் பார்த்தேனா, என் ஒரு கண் லென்சுக்குள் இருந்தது, இன்னொரு கண்ணை மூடியிருந்தேன், பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் தெரியவில்லை, நான்கு மாதம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார், அப்போது எனக்கு லென்சு வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கோபப்படாத ஆள் கிடையாது, டாக்டர்மேல், விமானம் கிடைக்கவில்லை என்ற கதிரேசன்மேல், ஓமத்தண்ணீர்ப் புட்டியின்மேல், அதைச் சுவரில் எறிந்தேன், உடையவில்லை, பிளாஸ்டிக், அதன்மேல் இன்னும் கோபம், ஆனால் இத்தனை கோபத்தையும் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே, சங்கரலிங்கம் அகப்பட்டான், அவளை எரித்த மூன்றாம் நாளே கேட்டேன், என் காசு எங்கடா, அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, அத்தான், நெத்திக்காசு எரிக்கிறவுகளுக்கு உள்ளது, அதப்போய்க் கேக்கப்படாது என்றான், அது அமெரிக்கக் காசுடா, எனக்கு என்ன தெரியும் அத்தான், அக்காவுக்கு நல்லதா வைக்கணும்னு பாத்தேன், நீ ஒங்கக்காவுக்கு நாப்பது கிராம் கொறச்சு வச்சிருந்தாக்கூட எனக்கு வருத்தமில்லடா, என் கழுகத்தான் வைக்கணுமா, என் வீட்டு வாசல்ல மிதிக்காத, அவன் மிதிக்கவில்லை, பதினோரு மாதம், தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவான், நெடி மட்டும் இந்தப் பக்கம் வரும், நெடி வந்தால் என் கண்ணிலும் தண்ணீர் வரும், அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

கழுகு வீட்டுக்குள் நடக்கிறது, பறக்கவில்லை, கோழி மாதிரி நடக்கிறது, ஈட்டி சுவரில் உரசி உரசிக் கோடு போடுகிறது, வடிவு கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் எதையோ பொறுக்குகிறாள், அரிசி என்று நினைத்தால் காசு, காசு என்று குனிந்தால் எல்லாம் சின்னச் சின்ன ஆட்கள், மயான வாசலில் திரும்பிப் பார்த்த அறுபது பேர், ஒவ்வொருவராக எடுத்து இது நல்லது, இது நல்லது என்று ஒரு பக்கம் தள்ளுகிறாள், கடைசியில் என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்குகிறாள், கவிழ்த்து என் அடியில் பார்க்கிறாள், என் லென்சிலேயே பார்க்கிறாள், முத்திரையக் காணுமே என்கிறாள், தேச்சுட்டாக போல, நான் சொல்ல வாயெடுக்கிறேன், நீதான்டி கண்டுபிடிச்ச, நீதான், கரடியெல்லாம் பொய், என் வாய்க்குள் கடுகு, விழித்தால் மத்தியானம் மூன்று மணி, நாற்காலியில் தூங்கியிருக்கிறேன், வாசல் கதவுக்கு வெளியே மிளகாய் நெடி.

சங்கரலிங்கம் மிதிக்கவில்லை, படிக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு, வீட்டைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னான், காசு இருக்கு, நான் ஜன்னலுக்குள்ளிருந்து தென்னை மரத்தைப் பார்த்துக் கேட்டேன், எந்தக் காசு, அக்கா காசு, எரிஞ்சிருக்காதா, எரிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்திருவாகளாம், அங்க வேல பாக்குற மாரிக்கனியம்மாகிட்ட இருக்கு, நானும் எட்டு மாசமா ஒவ்வொரு அமாவாசைக்கும் போய்க் கேக்கேன், தர மாட்டேங்குது, எட்டு மாசமாவா, ஆமா அத்தான், வாங்கிட்டு வந்து ஒங்க கையில குடுத்துட்டுப் பேசலாம்னு பாத்தேன், முடியல, நீங்க ஒரு எட்டு வந்தீகன்னா, அந்த அத்தான் என்ற சொல் தென்னை மரத்தில் ஏறாமல் நேரே என்னிடம் வந்தது, சட்டையை மாட்டினேன், லென்சை எடுத்து மேல்பையில் போட்டேன், அவன் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன், ரயில்வே கேட் மூடியிருந்தபோது நான் காற்றைப் பார்த்து, தராசு இப்பவாச்சும் ஒழுங்கா இருக்கா என்றேன், அவன் காற்றைப் பார்த்து, இப்ப எலக்ட்ரானிக் அத்தான், நானே நெனச்சாலும் முடியாது என்றான்.

மாரிக்கனி, ஐம்பது வயது இருக்கும், சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, புருசன் பார்த்த வேலையை அவனுக்குப் பிறகு இவள் பார்க்கிறாள், வேப்பமரத்தடிச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், வாங்கய்யா, காசுன்னு கத்துனது நீங்கதான என்றாள், இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர், என் காசக் குடும்மா என்றேன், அவள் அவசரப்படாமல் சுண்ணாம்பைத் தடவி, அது ஒங்க காசு இல்லையேய்யா, அந்தம்மா காசு, நெத்தியில ஒட்டி வந்தது வாசலத் தாண்டி வீட்டுக்குத் திரும்பப்படாது, நாளைக்கு ஒங்க வீட்ல ஒண்ணுன்னா மாரிக்கனிதான் குடுத்துவிட்டான்னு என்னையத்தான் சொல்லுவாக என்றாள், என் வீட்ல நான் ஒருத்தன்தான இருக்கேன், இதுக்குமேல யாரு போக என்றேன், நீங்க போகணும்ல என்றாள், சங்கரலிங்கம் இருமினான், சிரித்தானா வற்றலா தெரியவில்லை, எனக்கு முப்பத்தொரு வருட அதிகாரம் தொண்டைவரை ஏறியது, அது என்ன காசுன்னு தெரியுமா ஒனக்கு, ஒலகத்துல அதத் தேடி எத்தன பேரு அலையுறான் தெரியுமா, இது தெரியாம நீ எங்கயோ போட்டு வச்சிருக்க, கண்டுபிடிக்கவே நான் என்று வந்து, அங்கே நின்றது, நாற்பதாயிரம் என்று வாய் வந்தது, பனி என்று வந்தது, ஜன்னலுக்கு வெளியே கரடி வந்து நின்று என்னைப் பார்த்தது, யாரு கண்டுபிடிச்சது என்றாள் மாரிக்கனி, சும்மா கேட்டாள், பாக்கைக் கடித்துக்கொண்டே.

அவதான் என்றேன், இந்தா இவன் அக்கா, வடிவு, நான் கீறல்னு சொல்லி எறியச் சொன்னேன், அவதான் எடுத்து வச்சா, நான் ஊர்பூரா என் பேரச் சொல்லிக்கிட்டேன், சங்கரலிங்கம் மொபெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான், எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை, வேப்பமரத்தைப் பார்த்துக் கத்தினேன், அவதான் கண்டுபிடிச்சா, வயித்துல குத்துதுன்னும் அவதான் சொன்னா, நான் ரெண்டையும் பாக்கல, போதுமா, கிளையிலிருந்த இரண்டு காக்கைகளும் பறந்துபோயின, இருநூறு என்று எழுதலாம், இரண்டுதான்.

மாரிக்கனி வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள், செல்லுற காசெல்லாம் டீத்தண்ணிக்கும் பாக்குக்கும் போயிரும்யா, இது செல்லாதுன்னுட்டாக, எடுத்தப்ப எப்படி வந்துச்சோ அப்படியே மடிச்சுப் போட்டது, இந்தாங்க, பாத்துட்டுக் குடுங்க, வீட்டுக்குக் கிடையாது என்று காகிதத்தைப் பிரித்தாள், பிரித்தவள், ஐயோ அழுக்கா இருக்கே என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து ஈரப்படுத்திக் காசின்மேல் கொண்டுபோனாள், தொடாத, துடைக்காத, கையை எடு, என்று நான் போட்ட சத்தத்தில் மயானத்து வாட்ச்மேன் வாசலில் இருந்து எழுந்து நின்றான், என்னய்யா, வெறும் சந்தனம்தான என்றாள் மாரிக்கனி, இருக்கட்டும், எது ஒட்டியிருந்தாலும் இருக்கட்டும், குடு என்றேன்.

பெண் இருக்கிற பக்கம்தான் நெற்றியில் பட்டிருந்தது, பிள்ளையைச் சுமந்து திரும்பிப் பார்க்கிறவளின் முகம் முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்து கல்லாகியிருந்தது, லென்சைக் கண்ணில் வைத்தேன், சங்கரலிங்கம் பின்னாலிருந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டான், தாங்கட்டும் என்று விட்டேன், முதலில் வெறும் மஞ்சள், பிறகு கோதுமை நிறத்தில் ஒரு மைதானம், அதன் குறுக்கே மேலே ஒரு மேடு, கீழே ஒரு மேடு, விரிசலாக இருந்தால் பள்ளமாக இருக்கும், இது மேடு, நகத்தால் தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை, பள்ளம் பதிந்தால் மேடாகத்தான் எழும், எனக்குத் தெரியாத சட்டமா, நடுவில் மூன்றாவது கோடு இடமிருந்து வருகிறது, வருகிறது, ஒரு புள்ளியில் தட்டி நிற்கிறது, ஒரு நெல் நீளம் ஒன்றுமில்லை, மறுபடி தொடங்குகிறது.

காய்ந்த சந்தனம் எப்படி வேண்டுமானாலும் சுருங்கும் என்று எவனாவது சொல்வான், கூட்டத்தில் கட்டாயம் ஒருவன் எழுந்து சொல்வான், சொல்லட்டும், வருகிற மாதக் கூட்டத்தில் நான் மேடையில் ஏறிச் சொல்லவேண்டியது வேறு, பின்வரிசையில் சங்கரலிங்கம் உட்கார்ந்திருப்பான், நெடி தாங்காமல் ஊரே அழட்டும், மாரிக்கனி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், குடுங்கய்யா, அடுத்த வண்டி வந்துரும், குடுக்கிறேன், ஒவ்வொரு அமாவாசைக்கும் வருவேன், பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவேன், இதே காகிதத்துல இதே மாதிரி மடிச்சு வைக்கணும், ஒரு சொட்டுத் தண்ணி படப்படாது என்றேன், அதுக்கென்ன, நீங்க வர்றன்னைக்கு ஒங்க நெத்திக்கே இத வச்சு அனுப்பிருவோம் என்றாள் ஆறுதலாக, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, வச்சிராத தாயி, அழிஞ்சிரும், எனக்குச் சாதா ஒரு ரூவா போதும், மாப்ள, நீ சாட்சி, எனக்குச் சாதா ஒரு ரூவா, சரி அத்தான் என்று மூக்கை உறிஞ்சினான், இன்னும் ஒரு நிமிடம் என்றேன், லென்சை எடுக்கவில்லை, மேலே அவள் நெற்றியின் மூன்று கோடுகள், என்மேல் கோபமாக, அந்தக் கோபத்தில் ஒரு மயிரிழைகூடத் தேயவில்லை, அதற்குக் கீழே சந்தனம், சந்தனத்துக்குக் கீழே ஒருத்தி பிள்ளையைச் சுமந்துகொண்டு பின்னால் வெறுங்கையோடு வருகிறவனைத் திரும்பிப் பார்க்கிறாள், எல்லாவற்றுக்கும் அடியில், என் உள்ளங்கையில், அந்த ஈட்டி மேடு உறுத்துகிறது, வயிற்றில் குத்தோடு கழுகு இத்தனை பேரையும் முதுகில் தூக்கிக்கொண்டு பறந்துகொண்டுதான் இருக்கிறது.